வட்டுக்கோட்டையில் ஒரு படைவீரனைத் தேடி

யாழ்ப்பாணத்து ஊர்ப்பெயர்களிலே கோட்டை என்ற சொல்லைத் தாங்கி நிற்பவை சில உள. ஆனைக்கோட்டையைக் கடந்து மேற்கே சென்றால் வட்டுக்கோட்டை. பெயரைக் கேட்ட வெளியூரார் மதிலையும் அகழியையும் எதிர்பார்த்து வருவதுண்டு. வந்தவர்களை வரவேற்பவை பனந்தோப்புகளும், வயல்வெளிகளும், கிடுகு வேலிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்ட சீமெந்து மதில்களுமே. கோட்டையும் இல்லை, கோட்டைக்குரிய படையும் இல்லை. ஆயினும் இந்த ஊரைப்போலப் படையையும் படைவீரனையும் பற்றிச் சிந்திக்கச் செய்கின்ற ஊர் குடாநாட்டிலே வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து காரைநகர் செல்லும் பஸ்ஸில் ஏறினால் மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை, சித்தங்கேணி என்று ஒவ்வோர் ஊராகப் பின்னே நகரும். மானிப்பாயிலே மருதடி விநாயகர் கோயிலும், வைத்தியர் கிறீன் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரியும் அண்மையண்மையாக நிற்கும். சங்கானைச் சந்தையிலே காய்கறிச் சாக்குகள் ஏறும். மீன் கடகங்களோடு பெண்கள் ஏறுவார்கள். அதன்பின் வெளி அகன்று, காற்றிலே கடல்வாடை கலக்கும். அவ்விடத்தே வட்டுக்கோட்டை தொடங்கிவிட்டது என்று அறியலாம்.

ஊரின் நடுவே, யாழ்ப்பாணக் கல்லூரி வளவை அடுத்து நிற்கும் பழைய தேவாலயம் பார்க்கத் தக்கது. போர்த்துக்கேயர் தொடக்கி, ஒல்லாந்தர் 1678ஆம் ஆண்டளவில் திருத்திக் கட்டியது அது. கடற்கல்லினாலான அதன் சுவர்கள் இன்றைய வீட்டுச் சுவர்களிலும் பன்மடங்கு தடித்தவை. 1816ஆம் ஆண்டு குடாநாட்டிற்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் பாழடைந்து கிடந்த இக்கோயிலையும் அதனைச் சூழ்ந்த வளவையும் பெற்று, 1823ஆம் ஆண்டிலே இங்கு ஓர் உயர்கலாசாலையை நிறுவினார்கள். அதுவே புகழ்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி. தலைமை நீதியரசராயிருந்த ஒட்லியின் பெயர் பூண்ட மண்டபம் இன்றும் அவ்வளவிலே நிற்கின்றது. செமினரி 1855இல் மூடப்பட்டது. அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

ஆகவே இவ்வூரின் உண்மையான கோட்டை கல்வியே என்று கூறின் அது மிகையாகாது. அக்கோட்டையின் வாயிலால் வெளியேறிய இளைஞர்கள் எங்கே சென்றார்கள்? கொழும்புக் கந்தோர்களுக்குக் கிளாக்கர்மாராகவும், மலாயாவின் ரயில்வேக்கு நிலைய அதிபர்களாகவும், பள்ளிக்கூடங்களுக்கு உபாத்தியாயர்களாகவும், நீதிமன்றங்களுக்குப் பிரக்கிராசிமாராகவும் அப்புக்காத்துமாராகவும் சென்றார்கள். பென்சனோடு திரும்பி வந்து, அகன்ற விறாந்தை வைத்த வீடுகளைக் கட்டினார்கள். ஊரிலே நான் விசாரித்த முதியோரிடம், பழைய காலத்தில் பட்டாளத்திற் சேர்ந்தவர் யாராவது உண்டோ என்று கேட்டபோது, பெரும்பாலானோர் கையை விரித்தார்கள்.

கூத்து மேடைப் படைவீரன்

ஒரு முதியவர் மாத்திரம் சிரித்துக்கொண்டு, "எங்கட ஊரிலை பட்டாளத்துக்காரர் இல்லையெண்டு ஆர் சொன்னது? கூத்துக் கொட்டகைக்குள்ளை எத்தனை பேர்!" என்றார்.

அவர் கூறியது வேடிக்கைக்காக மாத்திரமன்று. வட்டுக்கோட்டை வடமோடிக் கூத்துக்குப் பெயர்போன இடம். பதினெட்டாம் நூற்றாண்டிலே இவ்வூரில் வாழ்ந்த கணபதி ஐயர் 'வாளபிமன் நாடகம்' முதலிய நாடகங்களை இயற்றியவர். அவ்வாளபிமன் வேறு யாருமல்லன், பாரதத்து அபிமன்யுவே. மகுடமும் புயக்கட்டும் கரப்பு உடுப்புமாக, மத்தளத்துக்கு இசைய மேடையைச் சுற்றி வரும் அண்ணாவிமார் மரபிலே, படைவீரன் என்பவன் ஓர் இளைஞன், ஒரு தாயின் மகன், ஒருத்தியின் கணவன். கூத்துப் பார்க்கும் பெண்கள் அபிமன்யுவின் வில்லைப் பார்த்து வியப்பதிலும், சுபத்திரையின் வயிற்றெரிச்சலை நினைத்துக் கண் கலங்குவதே அதிகம். படைக்கலத்துக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கின்றது என்ற உண்மையை இவ்வூரார் கல்வெட்டுகளிலிருந்து படிக்கவில்லை. விடியவிடியக் கண் விழித்துக் கூத்திலே கண்டார்கள்.

மேடையிற் கண்ட வீரனை ஏன் வீட்டிலே காணவில்லை? காரணம் கோழைமை அன்று. நெடுங்காலமாக இலங்கையிலே படைத்தொழில் என்றொரு நிலையான தொழிலே உள்ளூரார்க்கு இருக்கவில்லை. ஆங்கிலேயர் வைத்திருந்த இலங்கை ரைபிள் படையிலே பெரும்பாலோர் மலாய் வீரர்கள். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுபதுகளிலே கலைக்கப்பட்டது. 1881இலே தோன்றிய இலங்கை இலகு காலாட்படை தொண்டர் படையாகும். பகலிலே கந்தோர், மாலையிலே அணிவகுப்பு என்பது அதன் முறை. அது நகரத்தார்க்கு இசைந்தது; வயலையும் பள்ளிக்கூடத்தையும் விட்டு வர இயலாத வட்டுக்கோட்டையார்க்கு இசையவில்லை. சுதந்திரம் கிடைத்த பின், 1949 ஒக்டோபர் 10ஆம் நாள் இலங்கை இராணுவம் முறையாக அமைக்கப்பட்டபோதுதான், வாழ்நாட் தொழிலாகப் படையை மேற்கொள்ளும் வாய்ப்பு இந்நாட்டு இளைஞர்க்குக் கிடைத்தது.

அவ்வாய்ப்பை ஏற்றவர்களுள் உச்சிக்குச் சென்றவர் ஒரு தமிழர். வட்டுக்கோட்டையில் நின்று அவரை நினைப்பதற்குக் காரணம் உண்டு. அவர் இவ்வூரிலே பிறந்தவரல்லர். எனினும், இவ்வூரின் வரலாறு பின்னர் சென்ற திசையை விளங்கிக்கொள்வதற்கு அவருடைய வாழ்க்கை ஓர் உரைகல்லாகும்.

அப்புக்காத்து தளபதியான கதை

அன்ரன் முத்துக்குமாரு 1908ஆம் ஆண்டு பிறந்தார். கொழும்பு அர்ச். சூசையப்பர் கல்லூரியிலே படித்து, இங்கிலாந்து சென்று ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையின் ஜீசஸ் கல்லூரியிலே பயின்று, பாரிஸ்டராகித் திரும்பியவர். அக்காலத்துத் தமிழ்ப் பெற்றோர் ஒரு மகனுக்கு விரும்பக்கூடிய அனைத்தும் அவருக்குக் கிடைத்திருந்தன. நீதிமன்றமும் கறுப்பு அங்கியும் காத்திருந்தன. ஆனால் 1934இல் இலங்கை இலகு காலாட்படையிலே தொண்டர் அதிகாரியாகச் சேர்ந்தார். பகலிலே சட்டம், மாலையிலே படை என்ற அந்த இரட்டை வாழ்க்கையை இரண்டாவது உலக யுத்தம் கலைத்துவிட்டது. தொண்டர் படைகள் முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்டன. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றியபோது, அதனைக் காவல் செய்த படைப்பிரிவின் பொறுப்பு முத்துக்குமாருவிடம் இருந்தது.

யுத்தம் முடிந்தது. தொண்டர்களாய் வந்தவர்கள் தத்தம் தொழிலுக்குத் திரும்பினார்கள். 1949இல் நிரந்தர இராணுவம் அமைந்தபோது முத்துக்குமாருவுக்கு வயது நாற்பத்தொன்று. மணமுடித்துக் குடும்பமாக வாழ்ந்த காலம் அது. நாற்பத்தொரு வயதிலே, கற்ற சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, இன்னும் பிறக்காத ஓர் இராணுவத்திலே சேருவது எத்தகைய முடிவு என்பதை நாற்பதுகளில் நிற்கும் என் போன்றோர் நன்கு உணர்வோம். அவ்வயதிலே நாம் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும், பெற்றாரின் முதுமையையும், வீட்டின் கூரையையும் பற்றியே கணக்குப் பார்ப்போம். அவர் வேறு கணக்குப் பார்த்தார். இலங்கை இலகு காலாட்படையின் முதலாவது நிரந்தரப் பற்றாலியனை நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது.

புதிய இராணுவத்தின் முதல் இரண்டு தளபதிகள் ஆங்கிலேய அதிகாரிகள். 1955 பெப்ரவரி 9ஆம் நாள் அப்பொறுப்பு முதன்முறையாக இந்நாட்டவர் ஒருவரிடம் வந்தது. அவர் முத்துக்குமாரு. இலங்கையின் முதலாவது சுதேசத் தளபதி தமிழர் என்பது இன்றைய மாணவர்க்கு வியப்பாயிருக்கின்றது. வகுப்பிலே நான் அதைச் சொன்னபோது, ஒரு மாணவன் எழுந்து, "உண்மையோ, சேர்?" என்று இரண்டு முறை கேட்டான். அவ்வினாவின் உள்ளே ஐம்பது ஆண்டு வரலாறு அடங்கிக் கிடந்தது.

அவர் தளபதியாயிருந்த காலம் ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அவ்வைந்தாண்டுகளைப்போன்று நாட்டை உருமாற்றிய காலம் அதற்கு முன்னர் இல்லை. 1956இல் சிங்களம் மட்டும் அரச மொழி என்ற சட்டம் நிறைவேறியது. காலிமுகத்திடலிலே அமைதியாய் அமர்ந்த தமிழ்த் தலைவர்கள் தாக்கப்பட்டார்கள். 1958 மே மாதத்திலே நாடெங்கும் இனக்கலவரம் மூண்டது. அம்மாதம் 27ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. படைகள் வீதிக்கு வந்தன. கொழும்பிலே வீடிழந்த தமிழர்கள் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார்கள். 1959 செப்ரெம்பரிலே பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டு இறந்தார். இவை அனைத்தும் நிகழ்ந்தபோது இராணுவத்தின் தலைமையிலே இருந்தவர் ஒரு தமிழர்.

இந்நிலையை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். தன் இனத்தார் வீடு எரியும்போது, எரிப்பவனையும் எரிக்கப்படுபவனையும் ஒரே சட்டத்தின் கீழ் வைத்துப் பார்க்கவேண்டிய பதவி அது. சீருடை அணிந்தவனுக்கு இனமில்லை என்பார்கள். அவன் வீட்டார்க்கு இனம் உண்டே! அவன் மனைவிக்கு உறவினர் உண்டே! அவன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலே கேட்கும் சொற்கள் உண்டே! மாலையிலே சீருடையைக் கழற்றி வைத்த பின்னர் ஒரு மனிதன் தன் குடும்பத்தாருக்கு என்ன விடை கூறுவான்? பதவியைப் பற்றிய குறிப்புகளை வரலாறு வைத்திருக்கின்றது. சாப்பாட்டு மேசையின் மௌனத்தை அது எழுதுவதில்லை.

1959 டிசெம்பர் 31ஆம் நாள், ஐம்பத்தொரு வயதிலே, மேஜர் ஜெனரல் பதவி நிலையோடு அவர் ஓய்வுபெற்றார். பின்னர் பாகிஸ்தான், அவுஸ்திரேலியா, எகிப்து ஆகிய தேசங்களிலே இலங்கையின் இராஜதந்திரப் பிரதிநிதியாய் இருந்தார். இறுதியிலே அவுஸ்திரேலியாவின் கன்பராவிலே குடியமர்ந்தார். இலங்கையின் படை வரலாற்றைச் சுருக்கமாகக் கூறும் ஒரு நூலை ஆங்கிலத்திலே எழுதினார். அந்நூல் வெளிவந்த ஆண்டு 1987. தாம் வளர்த்த இராணுவம் வடமராட்சியிலே பெரும்போர் நடத்திய ஆண்டும் அதுவே. 2001 நவம்பரிலே, தொண்ணூற்று மூன்றாம் வயதிலே அவர் காலமானார்.

டிரங்குப் பெட்டியும் பென்சன் புத்தகமும்

தளபதியின் கதை பெருங்கதை. சிப்பாயின் கதை சிறுகதை. அச்சிறுகதையொன்றும் இவ்வூரிலேயே எனக்குக் கிடைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன், வட்டுக்கோட்டையிலிருந்து அராலிக்குச் செல்லும் ஓர் ஒழுங்கையிலே, தொண்ணூறை அணுகிய மூதாட்டி ஒருவரைச் சந்தித்தேன். அவர் கணவர் ஐம்பதுகளின் தொடக்கத்திலே இராணுவத்திற் சேர்ந்தவர். தியத்தலாவையிலே பயிற்சி பெற்று, கொழும்பு எச்சலன் முகாமிலே பல ஆண்டுகள் கடமையாற்றி, காலம் முடிந்து பென்சனோடு வீடு திரும்பியவர். ஊரிலே நான் தேடிய படைவீரன் அவர்தான். நான் தேடத் தொடங்குவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே இறந்துவிட்டார்.

"ஊராக்கள் அவரைப் பட்டாளத்தார் எண்டு தான் கூப்பிடுவினம், தம்பி. பேரே மறந்துபோச்சு," என்று மூதாட்டி தொடங்கினார். "லீவிலை வந்தால் முதல் பிள்ளையளின்ரை கொப்பியைத்தான் பார்ப்பார். ஊரிலை சின்னப் பெடியள் அவரைக் கண்டு பயந்தினம். வீட்டிலை ஒருத்தரும் பயப்படேல்லை."

மாதந்தோறும் மணியோடர் வரும். அதிலே இவ்வளவு பள்ளிக்கூடத்துக்கு, இவ்வளவு மூத்தமகளின் பெயரில், இவ்வளவு வேலி அடைக்க என்று துண்டுக் கடிதத்திலே கணக்கு எழுதியிருக்கும். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பிறகு, காலையில் கொழும்பிலே ஏறினால் பின்னேரம் யாழ்ப்பாணத்திலே இறங்கிவிடலாம். அரசாங்கத்து வொறன்ற் கொடுத்து ரயிலேறி வருவார். கறுப்புத் தகர டிரங்குப் பெட்டியிலே பிள்ளைகளுக்கு பிஸ்கற்று, மனைவிக்கு ஒரு சேலை, மாமியாருக்குத் தியத்தலாவைக் குளிரை நினைத்து ஒரு கம்பளிச் சால்வை. "யாழ்ப்பாணத்து வெயிலுக்குச் சால்வையோ எண்டு அம்மா சிரிச்சா. எண்டாலும் சாகுமட்டும் வைச்சிருந்தா," என்றார் மூதாட்டி.

1958ஆம் ஆண்டைப் பற்றி நான் கேட்டபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. கொழும்பிலே கிளாக்கராயிருந்த அவருடைய தமையனார் அகதியாகக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினார். உடுத்த உடுப்போடு வந்தார். அதே வேளையில் கணவரோ கொழும்பு வீதியிலே துவக்கோடு காவலுக்கு நின்றார்.

"தமையன் திண்ணையிலை இருந்து அழுகிறார். இவர் அங்கை உடுப்போடை நிக்கிறார். நான் ஆரை நினைச்சு அழ? பத்து நாள் கழிச்சு ஒரு கடிதம் வந்தது. நான் சுகம், பிள்ளைகளைப் பள்ளிக்கு விடாமல் மறிக்க வேண்டாம். அவ்வளவுதான் எழுதியிருந்தார்."

தளபதி முத்துக்குமாருவை அவர் கணவர் அணிவகுப்பிலே தூரத்தே நின்று பார்த்திருக்கின்றாராம். 'மேலே நம்மவர் ஒருவர் இருக்கின்றார்' என்று அடிக்கடி கூறுவாராம். அச்சொல்லிலே அவருக்கு எத்தனை தைரியம் இருந்தது என்பதை மூதாட்டி சொல்லாமலே உணர முடிந்தது.

கதையின் மறுபாதி கடினமானது. 1995 ஜூலையிலே இராணுவம் வலிகாமத்தின் மேற்குப் பகுதியை நோக்கி முன்னேறியபோது, எறிகணைக்கு அஞ்சி ஊரார் ஓடினார்கள். மூதாட்டியும் பேரப்பிள்ளைகளோடு ஓடினார். பலர் தங்கிய நவாலி தேவாலயத்தின்மீது அம்மாதம் 9ஆம் நாள் விமானக் குண்டுகள் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஒக்டோபர் இறுதியிலே வலிகாமம் முழுவதுமே வெறுமையாகித் தென்மராட்சியை நோக்கி நடந்தது. மறு ஆண்டு திரும்பி வந்து பார்த்தபோது, வீட்டிலே கூரை இல்லை. டிரங்குப் பெட்டியும் இல்லை. அதனுள்ளே மடித்து வைத்திருந்த சீருடையும் இல்லை. ஓடும்போது சேலைத் தலைப்பிலே முடிந்து கொண்டுபோன பென்சன் புத்தகம் மாத்திரம் எஞ்சியது.

"அவங்கள் தந்த காசிலைதான், தம்பி, அவங்கள் உடைச்ச கூரையைத் திருப்பிப் போட்டனான்," என்றார். அச்சொற்களிலே கோபம் இருக்கவில்லை. குறையிரக்கும் குரலும் இருக்கவில்லை. கணக்கை ஒப்புவிக்கும் ஒரு சிப்பாயின் மனைவியினுடைய குரலாக அது இருந்தது.

கதவு அடைந்த விதம்

ஒரே ஊரிலே, ஒரே வீட்டிலே, பென்சனும் எறிகணையும் ஓர் அரசிடமிருந்தே வந்து சேர்ந்தது எவ்வாறு? வரலாற்றின் படிகள் தெளிவாகவே தெரிகின்றன.

முத்துக்குமாரு ஓய்வுபெற்று ஈராண்டு நிறையுமுன், 1961இன் முற்பகுதியிலே, யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிலே சத்தியாக்கிரகம் நடந்தது. அதனை அகற்ற இராணுவம் வந்தது. 1962 ஜனவரியிலே சில படை, பொலிஸ் அதிகாரிகளின் சதிமுயற்சியொன்று வெளிப்பட்டது. அதிலே பல இனத்தவரும் இருந்தனர், பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அதன் பின்னர் படைக்கு ஆளெடுக்கும் போக்கே மாறிற்று. கடற்படையிலே மாத்திரம் ராஜன் கதிர்காமர் 1960 முதல் 1970 வரை தளபதியாயிருந்தார். அதன்பின் 'மேலே நம்மவர் ஒருவர்' என்று சொல்லும் பேறு வட்டுக்கோட்டைச் சிப்பாய்க்கு வாய்க்கவில்லை. அரசமொழிச் சட்டமும் தன் பங்கைச் செய்தது. படைக்குச் செல்லத் தமிழ் இளைஞர்க்கு விருப்பமும் குறைந்தது. அழைக்க அரசுக்கு மனமும் குறைந்தது. இரு புறமும் தாழிட்ட கதவாயிற்று.

1976 மே 14ஆம் நாள், வட்டுக்கோட்டைத் தொகுதியிலுள்ள பண்ணாகத்திலே, தந்தை செல்வநாயகம் தலைமையிலே கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணி மாநாடு தனி அரசு வேண்டும் என்று தீர்மானித்தது. வட்டுக்கோட்டைத் தீர்மானம் என்று உலகெங்கும் இவ்வூரின் பெயர் பரவியது அதனாலேயே. செமினரியினாற் பெற்ற பெயரிலும் அதனாற் பெற்ற பெயரே இன்று பெரிது. ஒரு நாட்டின் படை நம் வீட்டுப் பிள்ளைகளையும் கொண்டதன்று என்று மக்கள் முடிவு செய்த பின்னர், அப்பிள்ளைகள் வேறு படையைத் தேடிப் போனதிலே வியப்பில்லை. போனவர்களிலே பலர் திரும்பி வரவில்லை. அவர்களுக்கும் தாய்மார் உண்டு. கொப்பி பார்த்த தந்தைமார் உண்டு.

அராலிக் கரை

வட்டுக்கோட்டைக்கு வருகின்றவர்கள் தேவாலயத்தையும் ஒட்லி மண்டபத்தையும் பார்த்துவிட்டு, சங்கரத்தைப் பத்திரகாளி அம்மனையும் தரிசித்து, அராலிக் கரைக்குச் செல்லாமல் திரும்பலாகாது. மாரியிலே வழுக்கை ஆற்றின் வெள்ளம் வந்து சேரும் இடமும் அதற்கு அணித்தே. ஆழமற்ற கடல்நீரேரி கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும். இடுப்பளவு நீரிலே நின்று வலை இழுப்பவர்களைக் காணலாம். கொக்குகளும் நாரைகளும் கரையோரமாக நிற்கும். அக்கரையிலே மங்கலாகத் தெரியும் நிலம் வேலணைத் தீவு.

அத்தீவின் அராலி முனையிலேயே 1992 ஆகஸ்ட் 8ஆம் நாள், வடபகுதிப் படைகளை நடத்திய ஜெனரல் டென்சில் கொப்பேகடுவவும், பிரிகேடியர் விஜய விமலரத்னவும், உடன் சென்ற அதிகாரிகளும் குண்டுவெடிப்பிலே மாண்டார்கள். கொப்பேகடுவ கண்டியிலே திரித்துவக் கல்லூரியிற் படித்தவர். 1960இலே, அதாவது முத்துக்குமாரு விலகிய மறு ஆண்டிலே, இராணுவத்திற் சேர்ந்தவர். வடமராட்சிப் போரை நடத்தியவர்களுள் ஒருவர். எங்கள் மக்கள் அவரை எவ்வாறு நினைவுகூர்வர் என்பது சொல்லாமலே விளங்கும். அவர் வீட்டிலும் மனைவியும் மக்களும் காத்திருந்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை. இக்கரையிலே கூரை இழந்த தாயும், அக்கரையிலே கணவனை இழந்த மனைவியும் ஒருவரையொருவர் அறியார். நடுவிலே கிடப்பது முழங்காலளவு நீர்தான்.

வெகுநேரம் அக்கரையை நோக்கி நின்றால் ஓர் எண்ணம் வலுப்பெறும். படைவீரனைத் துவக்கோடு மாத்திரம் கண்டவர்க்கு அவன் எப்போதும் அந்நியனே. அவனை மணியோடர் அனுப்பும் தந்தையாகவும், மாமியாருக்குச் சால்வை வாங்கும் மருமகனாகவும், பிள்ளையின் கொப்பியைப் பார்க்கும் மனிதனாகவும் அறிந்த ஊர் அவனுக்கு அஞ்சுவதில்லை. அவ்வூரை அவனும் எளிதிலே சுடமாட்டான். ஒரு நாட்டின் படையிலே எல்லா ஊர்ப் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்பது உத்தியோகப் பங்கீட்டுக் கணக்கு அன்று. அது ஒவ்வொரு வீட்டின் கூரைக்கும் உரிய காவல். அன்ரன் முத்துக்குமாரு தளபதியாயிருந்த அவ்வைந்தாண்டுகளிலே அத்தகைய ஒரு நாடு அமையக்கூடும் என்ற நம்பிக்கை சிறிது காலம் உயிரோடிருந்தது. வட்டுக்கோட்டைச் சிப்பாய் ஒருவன் அந்நம்பிக்கையைத் தன் டிரங்குப் பெட்டியிலே மடித்து வைத்திருந்தான்.

போர் 2009 மே மாதத்திலே முடிந்தது. அதன் பின்னர் பிறந்த பிள்ளைகள் இன்று என் வகுப்பிலே அமர்ந்திருக்கின்றார்கள். அவர்களுள் ஒருவனே 'உண்மையோ, சேர்?' என்று கேட்டவன். உண்மைதான் என்று விடை சொன்னேன். ஒருகாலத்தில் இருந்தது மீண்டும் வருமா என்று அவன் அடுத்துக் கேட்டான். அவ்வினாவுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் இக்கரையில் மாத்திரம் இல்லை, அக்கரையிலும் இருக்கின்றார்கள்.